பப்: இணையப் பக்கத்திலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும் கட்டளைவரிக் கருவி

ஓர் இணையப் பக்கத்தில் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மிகச் சிறிய பகுதிதான். ஓர் அட்டவணையின் ஒரு நெடுவரிசை, ஒரு பட்டியலில் உள்ள இணைப்புகள், ஒரு கட்டுரையின் தலைப்பும் பத்திகளும் என்ற அளவில் அது நின்றுவிடும். அதைச் சுற்றிலும் மெனுக்களும் விளம்பரங்களும் ஸ்கிரிப்ட் துண்டுகளும் பல மடங்கு குவிந்திருக்கும். ஒரே ஒரு பக்கம் என்றால் உலாவியில் திறந்து, மவுஸால் இழுத்து, நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து திரட்ட வேண்டியவர்களுக்கும், அதே பக்கத்தை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டியவர்களுக்கும் அந்த வழி உதவாது. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் திரையில், ஓடும் கருவி ஒன்று தேவை. அத்தகைய கருவிகளுள் நான் முதலில் கைவைப்பது ‘பப்’. தமிழ்ப் பக்கங்களோடு அது எப்படி ஒத்துப்போகிறது என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட குறிப்புகள் என் கண்ணில் அதிகம் படவில்லை என்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எரிக் சியாங் என்பவர் ‘கோ’ என்னும் நிரல்மொழியில் எழுதிய திறமூலக் கருவி இது. எம்ஐடி உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. ஜேசான் என்னும் வடிவில் உள்ள தரவுகளை டெர்மினலிலேயே வடிகட்டுவதற்காக 2012இல் வெளிவந்த ‘ஜேக்யூ’வைப் பார்த்து, அதே வசதியை, இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல்லுக்கும் கொடுக்கும் நோக்கத்தில் இது உருவாக்கப்பட்டது. மேக் கணினியில் ஹோம்புரூ வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம். லினக்ஸ், விண்டோஸ் ஆகியவற்றுக்கும் ஆயத்த பைனரிக் கோப்பு உண்டு. அதைப் பதிவிறக்கி ஓரிடத்தில் வைத்தால் போதும், வேறு எந்த நூலகமும் தேவையில்லை. பிறருடைய சர்வரிலோ பழைய மடிக்கணினியிலோ வேலை செய்ய நேரும்போது, பைத்தானும் அதன் துணைப் பொதிகளும் சரியான பதிப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி.

இந்த வேலைக்குத் தனிக் கருவி எதற்கு, எழுத்துக் கோப்புகளில் தேடவும் மாற்றவும் உதவும் ‘கிரெப்’பும் ‘செட்’டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவை இரண்டும் வரிகளைப் பார்ப்பவை. எச்டிஎம்எல்லோ வரிகளால் ஆனதன்று. ஓர் இணைப்பின் முகவரி ஓரிடத்தில் இரட்டை மேற்கோளுக்குள்ளும், இன்னோரிடத்தில் ஒற்றை மேற்கோளுக்குள்ளும், வேறோரிடத்தில் மேற்கோளே இல்லாமலும் இருக்கலாம். ஒரே குறிச்சொல் இரண்டு வரிகளில் மடங்கிக் கிடக்கலாம். பண்புகளின் வரிசை பக்கத்துக்குப் பக்கம் மாறலாம். உலாவிக்கு இவை யாவும் ஒன்றே. கிரெப்புக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு. இன்று சரியாக ஓடிய தேடல் கோவை, நாளை அந்தத் தளத்தை நடத்துபவர் ஓர் இடைவெளியைக் கூட்டினாலே முறிந்துவிடும். பப் அப்படிச் செய்வதில்லை. உள்ளே வரும் எச்டிஎம்எல்லை எச்டிஎம்எல்5 விதிகளின்படி முதலில் ஒரு மரமாகக் கட்டிக்கொண்டு, அதன் பிறகே அதில் தேடுகிறது. தேடுவதற்கான மொழியும் புதியதன்று. இணையப் பக்கங்களை வடிவமைப்பவர்கள் எந்த உறுப்பு என்று சுட்டுவதற்கு அன்றாடம் எழுதும் சிஎஸ்எஸ் செலக்டர்களே அந்த மொழி.

பயன்படுத்தும் முறை எளிது. ‘கர்ல்’ என்னும் பதிவிறக்கக் கருவி பக்கத்தைக் கொண்டுவந்து தரும். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் வழியாக அதைப் பப்புக்குள் செலுத்தி, செலக்டரை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். பொருந்தும் உறுப்புகள் மட்டும், அழகாக உள்தள்ளப்பட்டுத் திரையில் விழும். செலக்டரின் இறுதியில் மூன்று செயற்பாடுகளுள் ஒன்றைச் சேர்க்கலாம்: ‘டெக்ஸ்ட்’ என்றால் உறுப்பினுள் உள்ள எழுத்து மட்டும் வரும், ‘ஆட்டர்’ என்று எழுதிப் பண்பின் பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பு மட்டும் வரும், ‘ஜேசான்’ என்றால் முழு அமைப்பும் ஜேசான் வடிவில் வரும், அதை மேலும் ஜேக்யூவுக்கு அனுப்பலாம். கற்றுக்கொள்ள வேண்டியது ஏறக்குறைய இவ்வளவே. கர்லுக்கு வழிமாற்றங்களைப் பின்தொடரச் சொல்லும் விருப்பத்தேர்வைக் கொடுக்க மறந்துவிட்டு, வெறுமையாக வந்த விடைக்குப் பப்பைக் குறை சொல்பவர்கள் பலர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களை அட்டவணையாகத் தரும் பக்கத்திலிருந்து மாவட்டப் பெயர்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விக்கிப்பீடியாவின் தரவு அட்டவணைகள் பெரும்பாலும் ‘விக்கிடேபிள்’ என்னும் கிளாஸ் பெயரைத் தாங்கியிருக்கும். ஆகவே அந்தக் கிளாஸ் கொண்ட அட்டவணை, அதனுள் ஒவ்வொரு வரிசையிலும் பெயர் உள்ள நெடுவரிசை, அதனுள் இணைப்பு என்று மூன்று படிகளைச் செலக்டராக எழுதினால் போதும். முதலில் எண்ணிக்கையைக் கேட்கும் விருப்பத்தேர்வோடு ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். 38 என்று விடை வந்தால் செலக்டர் சரி, 40 என்று வந்தால் அடிக்குறிப்பு இணைப்புகளோ வேறு ஏதோ கலந்துவிட்டன என்று பொருள். இன்னும் எழுதப்படாத கட்டுரைகளுக்கான சிவப்பு இணைப்புகளை விலக்க வேண்டுமானால், அவற்றுக்கு உரிய ‘நியூ’ என்னும் கிளாஸை ‘நாட்’ கொண்டு ஒதுக்கிவிடலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இணைப்பின் ‘எச்ரெஃப்’ பண்பைக் கேட்டால், தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறிகளின் நீண்ட தொடர் ஒன்று வந்து நிற்கும். ‘மதுரை’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது 5 குறிகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள், முகவரியில் எழுதும்போது பைட்டுக்கு மூன்றாக 45 எழுத்துகள். மாறாக, ‘டைட்டில்’ பண்பைக் கேட்டால் அதே இணைப்பிலிருந்து படிக்கக்கூடிய தமிழ்ப் பெயர் நேராகக் கிடைத்துவிடும். விக்கிப்பீடியாவிலிருந்து எதை எடுத்தாலும் இந்த வழியே சுருக்கமானது.

எச்டிஎம்எல்5 விதிகளின்படி மரம் கட்டுவதால் ஒரு விளைவும் உண்டு. புதிதாக வருபவர்களைக் குழப்புவதில் இதற்கே முதலிடம். மூலத்தில் ‘டேபிள்’ குறிச்சொல்லுக்கு நேரடியாக உள்ளே ‘டிஆர்’ என்று எழுதப்பட்டிருந்தாலும், விதிப்படி இடையில் ஒரு ‘டிபாடி’ சேர்க்கப்பட வேண்டும். பப்பும் அதைச் சேர்த்துவிடுகிறது. ஆதலால் மூலத்தைப் பார்த்து, அட்டவணையின் நேரடிப் பிள்ளையாக வரிசையைக் கேட்டு எழுதிய செலக்டர் எதையும் தராது. உலாவியின் ஆய்வுப் பலகத்தில் தெரியும் மரமும் இப்படிக் கட்டப்பட்டதுதான் என்பதால், மூலத்தைவிட அந்தப் பலகத்தைப் பார்த்துச் செலக்டர் எழுதுவது பாதுகாப்பானது. இதை நான் குறையாகக் கருதவில்லை. மூடப்படாத குறிச்சொற்களும் தாறுமாறாக அடுக்கப்பட்ட பத்திகளும் நிறைந்த பழைய பக்கங்களைக்கூட இது முகம் சுளிக்காமல் படித்துவிடுவதற்குக் காரணம் இந்த இயல்பே.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இவற்றுள் இரண்டு உண்மையிலேயே முக்கியமானவை.

முதலாவது, ‘டெக்ஸ்ட்’ செயற்பாடு ஒவ்வோர் எழுத்துத் துண்டையும் தனி வரியாக அச்சிடுகிறது. ஒரு பத்தியின் நடுவே ஒரு சொல் தடித்த எழுத்தில் இருந்தால், அதற்கு முன்னுள்ள பகுதி ஒரு வரி, அந்தச் சொல் ஒரு வரி, எஞ்சிய பகுதி ஒரு வரி என்று பத்தி மூன்றாகப் பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் இது ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. வரிகளை இடைவெளி விட்டு மீண்டும் ஒட்டினால் பெரும்பாலும் பழைய வாக்கியம் கிடைத்துவிடும். தமிழில் அப்படி இல்லை. எழுதியவர் ‘மதுரை’ என்பதை மட்டும் தடித்த எழுத்தாக்கி, ‘யில்’ என்னும் உருபைக் குறிச்சொல்லுக்கு வெளியே விட்டிருந்தால், ‘மதுரை’ ஒரு வரியிலும் ‘யில்’ அடுத்த வரியிலும் வந்து விழும். இடைவெளி விட்டு ஒட்டினால் ‘மதுரை யில்’ என்றாகும். இடைவெளி இல்லாமல் ஒட்டினால், உண்மையிலேயே தனித்தனியாக இருக்க வேண்டிய சொற்களும் சில இடங்களில் ஒட்டிக்கொள்ளும். சொற்பட்டியல் தொகுப்பவருக்கும் எழுத்துப்பிழை திருத்திக்குத் தரவு சேர்ப்பவருக்கும் இது சிறு விஷயமன்று, ஏனெனில் ‘யில்’, ‘யின்’, ‘க்கு’ போன்ற துண்டுகள் தனிச் சொற்களாகப் பட்டியலில் ஏறிவிடும். பெயர்களையும் தலைப்புகளையும் இணைப்புகளையும் எடுக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. தொடர் உரைநடையை எடுக்கும்போது இந்தச் செயற்பாட்டை நான் பயன்படுத்துவதில்லை. பப்பைக் கொண்டு கட்டுரையின் உடற்பகுதியை எச்டிஎம்எல்லாக வெட்டியெடுக்கவும் மாட்டேன், ஏனென்றால் அது அழகுக்காகச் செய்யும் உள்தள்ளலும் இடையிடையே வெற்றிடங்களைப் புகுத்திவிடுகிறது. உரைநடைக்கு வேறு கருவி வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, எழுத்துக் குறியேற்றம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை. பக்கத்தின் குறியேற்றம் எது என்று நாம் சொல்லாவிட்டால் பப் தானே ஊகிக்கிறது; ஊகத்திற்கு அது பார்ப்பது முதல் 1024 பைட்டுகளை மட்டுமே. அந்தப் பகுதிக்குள் குறியேற்றத்தை அறிவிக்கும் ‘மெட்டா’ குறிச்சொல் இருந்தாலோ, செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ் எழுத்தாவது இருந்தாலோ சிக்கலில்லை. இரண்டும் இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துகளும் ஸ்கிரிப்ட் வரிகளுமே இருந்தால், அது ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 என்று முடிவுகட்டிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு தமிழ்க் குறியும் மும்மூன்று ஐரோப்பியக் குறிகளாகச் சிதறி, பக்கம் முழுவதும் படிக்க முடியாத குப்பையாகத் திரும்பி வரும். பல தளங்கள் குறியேற்றத்தைப் பக்கத்துக்குள் அறிவிக்காமல், சர்வர் அனுப்பும் தலைப்பு வரிகளில் மட்டுமே அறிவிக்கின்றன. உலாவி அவற்றைப் படித்துக்கொள்ளும். கர்லோ பக்கத்தின் உடலை மட்டுமே பைப்பில் அனுப்புகிறது. அறிவிப்பு பப்பிடம் வந்து சேர்வதே இல்லை. உலாவியில் ஒழுங்காகத் தெரியும் தமிழ் டெர்மினலில் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான். தீர்வு மிக எளிது: ‘சார்செட்’ விருப்பத்தேர்வில் யூடிஎஃப்-8 என்று ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்ப் பக்கங்களில் வேலை செய்பவர்கள் இந்த விருப்பத்தேர்வுடன் சேர்த்து ஓர் ‘ஏலியஸ்’, அதாவது நீண்ட கட்டளைக்கு ஒரு சுருக்கப்பெயர், அமைத்துக்கொள்ளுமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன்.

யூனிகோடுக்கு முந்தைய பக்கங்கள் வேறு கதை. பேராசிரியர் கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உள்படத் தமிழ் இணையத்தின் தொடக்க காலத்து மின்னூல்கள் பல திஸ்கி குறியேற்றத்தில் வெளிவந்தவை. அத்தகைய கோப்புகள் இன்னும் பழைய தளங்களிலும் தனியார் சேமிப்புகளிலும் கிடைக்கின்றன. உலாவிகள் ஏற்கும் குறியேற்றங்களின் பட்டியலில் திஸ்கிக்கு இடமில்லை. பப்பும் அதே பட்டியலைப் பின்பற்றுவதால் ‘சார்செட்’ விருப்பத்தேர்வில் அதன் பெயரைக் கொடுத்துப் பயனில்லை. ஆனால் லினக்ஸில் உள்ள ‘ஐகான்வ்’ கருவிக்குத் திஸ்கி தெரியும். கர்லுக்கும் பப்புக்கும் இடையில் ஐகான்வை ஒரு கண்ணியாக நுழைத்து, திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றி அனுப்பினால் அந்தப் பக்கங்களிலிருந்தும் வேண்டியதை எடுக்க முடிகிறது. பக்கத்துக்குள் பழைய, தவறான குறியேற்ற அறிவிப்பு இருக்கக்கூடும் என்பதால் இங்கும் ‘சார்செட்’டை வெளிப்படையாகக் கொடுத்தே ஆக வேண்டும். சிறு கருவிகளைக் கோத்து வேலை வாங்கும் யூனிக்ஸ் மரபின் அருமை இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது. ஒரே கருவி எல்லாவற்றையும் தானே செய்ய முயன்றிருந்தால், அதன் ஆசிரியருக்குத் திஸ்கியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்திருக்க நேரும்.

தமிழ்ச் சொல்லைக் கொடுத்து, அதைக் கொண்ட உறுப்பைத் தேடும் ‘கன்டெய்ன்ஸ்’ வசதியும் பப்பில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர், ‘கொ’ போன்ற எழுத்துகளின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; கருவிக்கு அவை வெவ்வேறு. தேடிய சொல் கண்முன் இருந்தும் விடை வரவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். இயல்பு நிலையில் பப் சிறப்புக் குறிகளை எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றித்தான் அச்சிடும்; வினவல் பகுதியுள்ள முகவரிகளில் ‘&’ குறிக்குப் பின்னால் ‘amp;’ என்னும் தேவையற்ற எழுத்துகள் சேர்ந்து, அந்த முகவரியை மீண்டும் கர்லுக்குக் கொடுத்தால் தவறான பக்கம் வந்து சேரும். ‘பிளெய்ன்’ விருப்பத்தேர்வு இதைத் தவிர்க்கிறது. அதையும் மேற்சொன்ன ஏலியஸில் சேர்த்துவிடலாம். தேர்ந்தெடுத்த உறுப்பின் உள்ளே இருக்கும் சிலவற்றை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைத் தா என்று கேட்க வழியில்லை. விக்கிப்பீடியாப் பத்திகளிலுள்ள மேற்கோள் எண்கள் எழுத்தோடு சேர்ந்தேதான் வரும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: எதுவும் பொருந்தாவிட்டாலும் பப் பிழை என்று அறிவிப்பதில்லை, வெற்றிகரமாக முடிந்ததாகவே, கட்டளைகளை இயக்கும் ஷெல்லிடம் சொல்கிறது. இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் இதை வைத்திருப்பவர், தளத்தின் வடிவமைப்பு மாறிய நாளிலிருந்து வெற்றுக் கோப்புகளைச் சேமித்துக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாமல். எண்ணிக்கையை முதலில் கேட்டு, அது பூச்சியமானால் நிறுத்தும்படி ஸ்கிரிப்டை எழுதுவது கட்டாயம்.

இதே வேலையைச் செய்யும் பிற கருவிகளோடு ஒப்பிடாமல் மதிப்புரை நிறைவு பெறாது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் எச்டிஎம்எல்-எக்ஸ்எம்எல் கருவித் தொகுப்பில் உள்ள ‘எச்எக்ஸ்செலக்ட்’ மிகப் பழையது. ஹோகுன் வியூம் லீயுடன் சேர்ந்து சிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய பெர்ட் போஸ் எழுதியது. அது ஒழுங்காக மூடப்பட்ட குறிச்சொற்களையே எதிர்பார்ப்பதால், பக்கத்தை முதலில் இன்னொரு கருவியால் செப்பனிட்டுத் தர வேண்டியிருக்கிறது. ‘எக்ஸ்எம்எல்லின்ட்’ பல லினக்ஸ் கணினிகளில் எளிதாகக் கிடைக்கும். எக்ஸ்பாத் என்னும் தேடல் மொழி தெரிந்தவர்களுக்கு வலிமையானது. ஆனால் எச்டிஎம்எல்5இல் வந்த ‘ஆர்ட்டிகிள்’ போன்ற குறிச்சொற்களைக் கண்டால் அதன் பழைய பதிப்புகள் எச்சரிக்கை வரிகளை அடுக்கிக்கொண்டே போகும். ‘சிடெல்’ இவை எல்லாவற்றையும்விட ஆற்றல் மிக்கது. பக்கத்தைத் தானே பதிவிறக்கும், இணைப்புகளைப் பின்தொடரும், சிஎஸ்எஸ், எக்ஸ்பாத், எக்ஸ்குவெரி மூன்றும் அறியும். அதைக் கற்றுக்கொள்ளச் சில நாள்களை ஒதுக்கக்கூடியவர்களுக்கு அது நல்ல முதலீடு. அவ்வப்போது ஓர் அட்டவணையை எடுப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை.

உண்மையான போட்டி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ‘எச்டிஎம்எல்க்யூ’வோடுதான். செலக்டர்களை எழுதும் முறை ஏறக்குறைய ஒன்றே. பப்பில் இல்லாத மூன்று நற்பண்புகள் அதில் உள்ளன: எழுத்தைக் கேட்கும்போது துண்டுகளைத் தனி வரிகளாக உடைக்காமல் மூலத்தில் இருந்தபடியே தொடர்ச்சியாகத் தருகிறது, ஆகவே ‘மதுரையில்’ முழுச் சொல்லாகவே வருகிறது; வேண்டாத உள் உறுப்புகளை நீக்கச் சொல்லலாம், ஆகவே மேற்கோள் எண்கள் ஒழிகின்றன; தளத்தின் அடிப்படை முகவரியைக் கொடுத்தால் அரைகுறை இணைப்புகளை முழு முகவரிகளாக ஆக்கித் தருகிறது. தமிழ் உரைநடையைத் திரட்டுபவர்களுக்கு என் பரிந்துரை தயக்கமின்றி எச்டிஎம்எல்க்யூதான். மறுபுறம், ஜேசானாக வெளியிடும் வசதியும் எண்ணிக்கை காட்டும் வசதியும் எத்தனை நிலை ஆழம் வரை அச்சிட வேண்டும் என்று வரையறுக்கும் வசதியும் பப்பில்தான் உள்ளன. பழக்கமில்லாத ஒரு பக்கத்தின் அமைப்பைத் துழாவி அறிவதற்கு, ஆழத்தை இரண்டு நிலைகளுக்குக் கட்டுப்படுத்தி, வண்ணத்தோடு அச்சிட்டுப் பார்ப்பதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உள்ளடக்கம் தோன்றும் தளங்களில் மேற்சொன்ன எந்தக் கருவியும் தனியாகப் பயன்படாது. கர்ல் கொண்டுவருவது வெறும் கூடுதான். குரோமைத் திரையில்லா நிலையில் ஓட்டி, கட்டி முடித்த மரத்தை அச்சிடச் சொல்லி, அதைப் பப்புக்கு அனுப்புவது ஒரு வழி. அதற்கு முன், அந்தத் தளம் ஏபிஐ, அதாவது நிரல்கள் தரவை நேரடியாகக் கேட்டுப் பெறும் வழி, தருகிறதா என்று பார்ப்பது நல்லது. விக்கிப்பீடியா போன்றவை தருகின்றன, அங்கே நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கர்லால் இழுப்பதற்கு நியாயமில்லை. ஏபிஐ இல்லாத சிறு தளங்களில் வேலை செய்யும்போது தானியங்கி நிரல்களுக்கான விதிகளைச் சொல்லும் ‘ரோபாட்ஸ்’ கோப்பைப் படித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையில் சில நொடிகள் விடுவது அவசியம். தமிழ் நூல்களையும் இதழ்களையும் தம் சொந்தச் செலவில் இணையத்தில் வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுடைய சர்வரை நம் ஸ்கிரிப்ட் திணறடிக்கக் கூடாது.

பப்பின் கடைசி அதிகாரபூர்வப் பதிப்பான 0.4.0 வெளிவந்தது 2016இல். அதன் பின் புதிய பதிப்பு வரவில்லை; மேலே நான் சுட்டிய குறைகள் இந்தக் கருவியில் திருத்தப்படும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். ஆயினும் எச்டிஎம்எல்லைப் படிக்கும் விதிகள் அடிக்கடி மாறுபவை அல்ல என்பதால், அன்று தொகுத்த பைனரி இன்றும் இன்றைய பக்கங்களைச் சரியாகவே படிக்கிறது. ஆகவே டெர்மினலில் அமர்ந்து, விடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யும் வேலைகளுக்குப் பப்பைத் தாராளமாக நிறுவிக்கொள்ளலாம். ஆள் பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளுக்கும் தொடர் உரையைத் திரட்டும் வேலைகளுக்கும் எச்டிஎம்எல்க்யூவையோ சிடெலையோ எடுத்துக்கொள்ளுங்கள்.